பிரிடேட்டர் 4கே: புது டிஸ்க்கில் புள்ளி, பழைய டிஸ்க்கில் பளபளப்பு. எதைத் திருப்பி அனுப்புவது?

சேலம்_செல்வா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரக் கேள்வி. டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது.

1987-இல் வந்த அர்னால்டின் ‘பிரிடேட்டர்’ (காட்டில் மறைந்து நின்று மனிதரை வேட்டையாடும் வேற்றுக்கிரகவாசி கதை) எனக்குப் பள்ளிக்காலத்துப் பைத்தியம். தெருக் கேபிளில் தேய்ந்த கேசட்டைப் போட்டுக் காட்டியபோதே பாதி வசனம் மனப்பாடம். 2011-இல் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு ப்ளூரே பிளேயரும் கூடவே இந்தப் படத்தின் 2010 பதிப்பு டிஸ்க்கும் கொண்டுவந்தார். பத்து வருடத்துக்கு மேல் அதைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமான படம்.

இப்போது 55 இன்ச் 4கே டிவி, 4கே பிளேயர் என்று வாங்கியாகிவிட்டது. முதல் டிஸ்க்காக ஆசை ஆசையாக இதே படத்தின் 2018 4கே பதிப்பை வரவழைத்தேன். போட்டதும் திக்கென்று ஆகிவிட்டது. திரை முழுக்க மணலைத் தூவிவிட்டாற்போல் புள்ளி புள்ளியாக ஓடுகிறது. ஹெலிகாப்டர் பறக்கும்போது வானத்தைப் பார்த்தால் கொசு மொய்ப்பதுபோல் இருக்கிறது. உடனே பழைய டிஸ்க்கைப் போட்டேன். ஒரு புள்ளி இல்லை, முகமெல்லாம் வழவழ. வீட்டம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு காசு? பழசே பளிச்சுன்னு இருக்கே” என்றுவிட்டுப் போய்விட்டாள்.

டிஸ்க்கில் கோளாறா, பிளேயரில் கோளாறா, என் கண்ணில் கோளாறா?

வால்பாறை_வண்டு:

யோசிக்காமல் அனுப்பிவிடுங்கள். 1987 படத்தில் 4கே எங்கிருந்து வரும்? அந்தக் காலத்து கேமராவில் அவ்வளவுதான் பதிவாகியிருக்கும், அதை இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிதான் மிஞ்சும். அந்தக் காசுக்கு சமீபத்து டிஜிட்டல் படம் ஏதாவது வாங்குங்கள்.

ஆற்காட்டு_ரோடு:

செல்வா தம்பி, அனுப்பாதீர்கள். வண்டு சார் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் சொன்னது நேர் தலைகீழ்.

நான் கோடம்பாக்கம் பக்கம் ஒரு கலர் லேபில் 22 வருடம் கிரேடராக இருந்தவன். நெகட்டிவிலிருந்து ஃபர்ஸ்ட் காப்பி போடும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு எத்தனை பாயிண்ட், பச்சை எத்தனை, நீலம் எத்தனை என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. லேபும் இல்லை, வேலையும் இல்லை, கண் மட்டும் பாக்கி. அந்தக் கண்ணால் இந்தப் படத்தின் மூன்று டிஸ்க்கையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் புள்ளி என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஃபிலிமில் ஒளி விழுவது வெள்ளி உப்புத் துகள்கள்மேல். கலர் நெகட்டிவைக் கழுவும்போது அந்தத் துகள்கள் இருந்த இடத்தில் சாயம் உருவாகும். அப்புறம் வெள்ளியைக் கரைத்து எடுத்துவிடுவோம், சாயத் திட்டுகள் மட்டும் நிற்கும். நீங்கள் பார்க்கும் புள்ளி அதுதான். லேபில் கிரெயின் என்போம். தூசி வேறு, கீறல் வேறு. அவை படத்தின்மேல் ஒட்டியவை. கிரெயினாலேயே ஆனது படம். அதைத் துடைத்து எடுத்தால் அதன் பின்னால் சுத்தமான படம் ஒன்று காத்துக்கொண்டிருக்காது.

எல்லாப் படத்திலும் கிரெயின் ஒரே அளவில் இராது. வெயிலில் எடுத்தால் மெலிசு. வெளிச்சம் குறைவான இடத்தில் கொஞ்ச ஒளியிலேயே பதிவாகும் ‘வேகமான’ ஃபிலிம் போடுவார்கள், அதில் துகள் பெரிது. ‘பிரிடேட்டர்’ எடுத்தது மெக்சிகோக் காட்டில். கேமராமேன் டொனால்ட் மெக்கால்பைன், ஆஸ்திரேலியாக்காரர். மரக்கூரை மூடிய காட்டுக்குள் சூரியன் காசு காசாகத்தான் விழும், அப்புறம் கடைசி அரை மணி நேரம் ராத்திரி. இதில் கிரெயின் இல்லாமல் இருந்தால்தான் எனக்கு சந்தேகம் வரும்.

இனி டிஸ்க் கதை. 2008-இல் முதல் ப்ளூரே வந்தது. 25 ஜிபி ஒற்றை அடுக்கு டிஸ்க், அதிலும் எம்பெக்-2 என்ற டிவிடி காலத்துச் சுருக்கும் முறை. கிரெயினைப்போல் சுருக்கக் கஷ்டமான பொருள் வேறில்லை. ஒரு ஃபிரேமில் இருந்த புள்ளி அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் இருக்காது. நொடிக்கு 24 ஃபிரேம், 24 வேறு வேறு கோலம். இடம் போதாத டிஸ்க்கில் அதை அடைத்தால் கிரெயின் கட்டி கட்டியாக மாறும். ஜனங்கள் திட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது.

2010-இல் இந்தத் தொடரில் புதுப் படம் ஒன்று தியேட்டருக்கு வந்த சமயம், பழையதையும் மெருகேற்றி மறுபடி விற்றார்கள். (2018-இலும் இதே கதைதான், புதுப் படம் வந்த வருடம் 4கே வந்தது. புது மாப்பிள்ளை வரும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல்.) 2010 டிஸ்க்கில் புள்ளி புகாரே வரக்கூடாது என்று கம்ப்யூட்டரில் கிரெயினை வழித்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கருவி பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களை ஒப்பிட்டுப் பார்க்கும். எது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுகிறதோ அது குப்பை என்று முடிவு செய்து தேய்த்துவிடும். காட்டில் என்னென்ன மாறும்? காற்றில் ஆடும் இலை, கழுத்தில் இறங்கும் வியர்வை, தாடியின் முள். கிரெயினோடு சேர்ந்து அவையும் போயிற்று. அர்னால்டு மெழுகுப் பொம்மை ஆனார். நீங்கள் வழவழ என்று சொன்னீர்களே, அது மனிதத் தோலுக்குச் சொல்கிற வார்த்தையா, யோசித்துப் பாருங்கள்.

2018 டிஸ்க்கில் ஃபிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்து, கிரெயினை வழிக்காமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். உங்கள் டிஸ்க்கில் கோளாறு இல்லை.

வண்டு சார் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 35 எம்எம் நெகட்டிவில், சாதாரண ப்ளூரேவின் அளவான 1080பி-யை விட அதிக விவரம் இருக்கிறது. 1080பி என்றால் சுமார் 20 லட்சம் புள்ளி, 4கே டிஸ்க்கில் சுமார் 83 லட்சம். இந்தப் படத்தில் அந்த 83 லட்சத்தில் கணிசமான பங்கு கிரெயினைச் சரியாகக் காட்டவே செலவாகிறது என்பது உண்மை. கூர்மைக்காக மட்டும் வாங்குகிறவர் ஏமாறுவார். முன்பு கட்டி கட்டியாகத் தெரிந்த கிரெயின் இதில் மெலிசாக, அதனதன் அளவில் தெரிகிறது. அதற்குத்தான் காசு.

சேலம்_செல்வா:

சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆனாலும் கண் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. எந்தக் காட்சியைப் போட்டு ஒப்பிட்டால் எனக்குப் புரியும்?

ஆற்காட்டு_ரோடு:

நல்ல கேள்வி. ஆனால் முதல் நிபந்தனை, படத்தை நிறுத்திவைத்துப் பார்க்காதீர்கள். இணையத்தில் ஒரே ஒரு ஃபிரேமைப் பிடித்துப் போட்டு “இது எப்படி, அது எப்படி” என்று மோத விடுகிறார்கள். உறைந்துபோன கிரெயின் அழுக்கு மாதிரிதான் தெரியும். ஓடும்போதுதான் ஒன்றோடொன்று கலந்து அடங்கும். லேபில் நாங்கள் பிரிண்ட்டை மேஜைமேல் வைத்து முடிவு செய்ததில்லை, புரொஜெக்டரில் ஓட்டித்தான் பார்ப்போம்.

ஆரம்பத்தில் அர்னால்டும் கார்ல் வெதர்ஸும் கையைப் பிடித்து மல்லுக்கட்டும் இடம் இருக்கிறதே, கைத்தசை திரையை நிறைக்கும். பழையதில் பாருங்கள், பலூன். புதியதில் நரம்பும் மயிர்க்காலும் இருக்கும். அப்புறம் நடிகர் பில் டியூக் காட்டுக்குள் வெறும் ரேசரைக் கன்னத்தில் இழுத்துக்கொண்டே இருப்பார். அந்த க்ளோஸப் படத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும், அந்த மனிதன் உள்ளே என்ன ஆகிக்கொண்டிருக்கிறான் என்பதை அந்தத் தோல்தான் சொல்கிறது. தோலை வழித்துவிட்டால் நடிப்பில் பாதி காணோம். மூன்றாவது, முகத்தைப் பார்க்காமல் முகத்துக்குப் பின்னால் இலையைப் பாருங்கள். 2010-இல் பச்சைப் பெயின்ட்டைத் துணியால் இழுத்த மாதிரி இருக்கும். இது காடு ஒரு பாத்திரமாக வரும் படம், தம்பி. எதிரி அந்த இலைக்குள்தான் நிற்கிறான். இலை இலையாகத் தெரியாவிட்டால் நீங்கள் எங்கே தேடுவீர்கள்?

இரண்டு இடத்தில் புது டிஸ்க்கும் உங்களை ஏமாற்றும், அதற்கு டிஸ்க்கைத் திட்டக் கூடாது. ஒன்று, பிரிடேட்டர் மறைந்து நிற்கும் கண்ணாடி உருவ ஷாட்டுகள். காடு பச்சை, வானம் நீலம் என்பதால், பிரித்தெடுக்க வசதியாகச் சிவப்பு உடை போட்ட ஆளை வைத்து எடுத்தார்கள். அதை ஆப்டிக்கலில் பல அடுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். எடுத்த ஃபிலிமை மறுபடி ஃபிலிமில் படம் பிடிப்பது. ஒவ்வொரு முறையும் கிரெயின் ஒரு படி ஏறும், கூர்மை ஒரு படி இறங்கும். நம் பழைய படங்களில் ஒரு காட்சி கரைந்து அடுத்தது வரும் டிசால்வ் ஆரம்பிக்கும் கணத்தில் படம் சட்டென்று மங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. இன்னொன்று, அவன் கண் வழியாக வரும் வெப்பக் காட்சிகள். அவற்றைப் படமெடுத்த விதமே அப்படி, எத்தனை கே வந்தாலும் கூராகாது. ஆனால் 4கே டிஸ்க்கில் ஒளியையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆரில் அந்தச் சிவப்பும் மஞ்சளும் இப்போது கொஞ்சம் சுடும்.

கடைசியாக, டிவி. எந்த மோடில் பார்க்கிறீர்கள்? பெட்டியைப் பிரித்தபோது இருந்த விவிட் மோடிலேயே விட்டிருந்தால் ஷார்ப்னஸ் ஏற்றி வைத்திருப்பான். அது ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரம் கட்டிப் பெரிதாக்கும். உங்கள் கொசுவில் பாதி டிவி வளர்த்த கொசுவாக இருக்கலாம்.

ஒலி_ஓரம்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எல்லாரும் படத்தையே பேசுகிறீர்கள். இந்த 4கே டிஸ்க்கில் தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் கிடையாது, சுற்றிலும் மட்டும் ஒலிக்கும் அதே 5.1 டிடிஎஸ் எச்டிதான். கூரையில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டிவைத்திருக்கும் எனக்கு ஏமாற்றமே. ஆனாலும் மினிகன் என்ற பல குழல் சுழல் துப்பாக்கியை வைத்துக் காட்டையே வெட்டித் தள்ளும் அந்தக் காட்சியில் எனக்குக் குறை தெரியவில்லை. எல்லாரும் சுட்டு ஓய்ந்த பிறகு காலிக் குழல்கள் சுற்றும் சத்தம் மட்டும் மிஞ்சும், அதில் அறை அடங்கிப்போகும். இசையமைப்பாளர் ஆலன் சில்வெஸ்ட்ரியின் தாளமும் நன்றாகப் பிரிந்து கேட்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். டைரக்டரே உட்கார்ந்து சரிபார்த்தது என்று அட்டையில் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

ஆற்காட்டு_ரோடு:

கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கக் கூடாது, ஸ்பீக்கரைத் தவிர.

1971-இல் வந்த ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ தெரியும்தானே? நியூயார்க் போலீஸ் கதை, ஆஸ்கர் வாங்கியது. 2009-இல் அதன் ப்ளூரேவை டைரக்டர் வில்லியம் ஃப்ரீட்கினே உட்கார்ந்து செய்தார். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன்மேல் மங்கலாக்கிய நிறத்தைப் பூசினார். நிறம் கோட்டைத் தாண்டி வழிந்தது. கேமராமேன் ஓவன் ராய்ஸ்மன் தன்னைக் கேட்கவே இல்லை என்று பகிரங்கமாகவே கொதித்தார். 2012-இல் அவர் ஏற்றுக்கொண்ட நிறத்தோடு வேறு டிஸ்க் வந்தது. இரண்டும் சட்டப்படி அதே படம். இதில் நான் கேமராமேன் கட்சி. லேபில் டைரக்டர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில்தான் கேமராமேனும் நானும் உருப்படியாக வேலை பார்ப்போம் என்பதால் வந்த பாரபட்சமாகவும் இருக்கலாம்.

ஜேம்ஸ் கேமரூன் வேறு கதை. ‘டெர்மினேட்டர் 2’-ஐ 2017-இல் 3டி ஆக்கியபோது தயாரான மாஸ்டரே (மூலப் பிரதியே) 4கே டிஸ்க்குக்கும் போனது, அதிலும் மெழுகு முகம். 2024-இல் வந்த ‘ட்ரூ லைஸ்’ 4கேயில் செயற்கை நுண்ணறிவை வைத்துத் தேய்த்தும் கூராக்கியும் இருக்கிறார்கள். சில இடங்களில் புருவ மயிர் கோடு போட்டு வரைந்ததுபோல் நிற்கிறது. அதுவரை அந்தப் படத்துக்கு ப்ளூரேவே கிடையாது, டிவிடியோடு நின்றிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அது. டைரக்டர் சம்மதத்தோடுதான்.

வால்பாறை_வண்டு:

ஐயா சொல்வது புரிகிறது, ஆனால் எங்கள் வீட்டில் யாரும் கிரேடர் இல்லையே. பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து 43 இன்ச்சில் பார்க்கிறவனுக்கு சுத்தமான படம் பிடித்தால் அது தப்பா? நான் தியேட்டரில் பார்த்தபோதும் இப்படிப் புள்ளி தெரிந்ததாக ஞாபகம் இல்லை.

ஆற்காட்டு_ரோடு:

தப்பே இல்லை. பத்தடியில் 43 இன்ச் என்றால் நான் சொன்ன மயிர்க்கால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் 4கே வாங்கவே வேண்டாம்.

தியேட்டர் ஞாபகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஊருக்கு வந்த பிரிண்ட், நெகட்டிவிலிருந்து மூன்றாவது நான்காவது தலைமுறை. நெகட்டிவ், அதிலிருந்து மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து பிரிண்ட். போதாததற்கு லென்ஸில் தூசி, புரொஜெக்டர் விளக்கில் வெளிச்சம் குறைந்த கார்பன் குச்சி. கூர்மை அங்கேயே போய்விடும், கிரெயினும் மொத்தமாக மசங்கிவிடும். தியேட்டரில் யாருமே பார்க்காத அளவுக்கு நெகட்டிவை இப்போது நாம் வீட்டில் பார்க்கிறோம். இதுதான் அசல் அனுபவமா என்று கேட்டால் என்னிடம் நேர்மையான பதில் இல்லை. வழிக்காத படத்தைக் கையில் கொடுத்தால் வேண்டியவர் டிவியில் வழித்துக்கொள்ளலாம். வழித்ததைக் கொடுத்தால் திரும்பி வராது. என் வாதம் அவ்வளவே.

மின்மினி_மதுரை:

ஓடிடியில் 4கேயில் வாடகைக்குக் கிடைத்தால் போதாதா? டிஸ்க் எதற்கு?

ஒலி_ஓரம்:

மின்மினி, ஆற்காட்டு ரோடு சார் சொன்னாரே, கிரெயின் சுருக்கக் கஷ்டம் என்று. 4கே டிஸ்க் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். ஓடிடி அதில் சின்னப் பங்குதான் கொடுக்கும். இந்தப் படத்தில் அது முதலில் கை வைப்பது கிரெயின்மேல்தான். இன்னொன்று, 2023-இல் ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ அமெரிக்க ஓடிடியில் வந்தபோது ஒரு சிறு பகுதி சத்தமில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. படம் பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அலமாரியில் இருப்பதை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது.

அப்புறம் செல்வா, வெளிநாட்டு டிஸ்க் வாங்கும்போது ஒன்று. சாதாரண ப்ளூரேவில் மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்கா, சிங்கப்பூர் எல்லாம் ஏ, ஐரோப்பா பி, நாம் சி. 4கே டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை, எங்கே வாங்கினாலும் ஓடும். உங்கள் மச்சான் அன்றைக்கு பிளேயரையும் சேர்த்துக் கொண்டுவந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று இப்போது புரிகிறதா?

சேலம்_செல்வா:

சொன்னபடி செய்தேன். விவிட் மோடில்தான் இருந்தது, ஷார்ப்னஸ் 70. சினிமா மோடுக்கு மாற்றி, ஷார்ப்னஸை 0 ஆக்கி, இரைச்சல் குறைப்பு, அசைவு மென்மை எல்லாவற்றையும் அணைத்தேன். முதல் பத்து நிமிடம் டிவி மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. வானத்தில் புள்ளி இன்னும் இருக்கிறது, ஆனால் மொய்க்கவில்லை.

ரேசர் காட்சியை இரண்டு டிஸ்க்கிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வீட்டம்மா தலையைத் தூக்கி, “முன்ன எல்லாருக்கும் எண்ணெய் தடவி விட்டமாதிரி இருந்துச்சு, இதுல வேர்த்திருக்கு” என்றாள். அவளுக்கு கிரெயின் என்ற வார்த்தையே தெரியாது.

டிஸ்க்கை அனுப்பவில்லை. மச்சானிடம் மட்டும் பழைய டிஸ்க்கைப் பற்றி வாய் திறக்கப் போவதில்லை. ஒரு கேள்வி பாக்கி: ஷார்ப்னஸ் 0 வைத்தபின் டிவி சீரியலில் எழுத்தெல்லாம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. அது சரிதானா?

ஆற்காட்டு_ரோடு:

இல்லை, சரியில்லை. எல்லா டிவியிலும் 0 நடுநிலை கிடையாது. சில டிவியில் 0 என்றால் ஒன்றும் சேர்க்காது, சிலவற்றில் 0 வைத்தால் படத்தையே மங்கலாக்கும், 10 அல்லது 50-தான் அதற்கு நடு. செய்தி சேனலில் அடியில் ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே 0-இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். மங்கல் தெளிகிற எண்ணில் நிறுத்துங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டு எண் கீழே வாருங்கள். எந்த எண்ணில் நின்றது என்று இங்கே எழுதுங்கள், அதே மாடல் வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.